முந்நூற்று அறுபத்தைந்து படிகளும் முப்பத்திரண்டு பற்களும்

திருத்தணி முருகன் கோயிலுக்குப் படியேறிப் போனவர்களுக்கு ஒரு கணக்குத் தெரிந்திருக்கும். மலைப்படிகள் 365; ஆண்டின் நாட்கள் 365. நாளுக்கொரு படி என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். ஆண்டுதோறும் டிசம்பர் 31-ஆம் நாள் நடக்கும் படித்திருவிழாவில் பக்தர்கள் படிக்குப் படி நின்று திருப்புகழ் பாடி ஏறுவார்கள். எந்தப் படியையும் தாண்டிக் குதிக்க முடியாது. ஒவ்வொன்றாகத்தான் ஏற வேண்டும்.

பல் துலக்குவதும் இப்படிப்பட்ட காரியந்தான். ஒரே நாளில் மூன்று மணி நேரம் தேய்த்துவிட்டு ஆண்டு முழுவதும் சும்மா இருந்துவிட முடியாது. நாளுக்கு இரண்டு முறை, ஆண்டுக்கு 730 முறை துலக்க வேண்டும். இதை யார் நமக்குக் கற்றுக்கொடுப்பது? வீடா, பள்ளியா, பல் மருத்துவரா? கற்றுக்கொடுத்தால் மட்டும் போதுமா? இந்தக் கேள்விகளுக்கு விஞ்ஞானம் என்ன விடை சொல்கிறது என்று பார்ப்போம்.

கேள்வியை எழுப்பத் திருத்தணி பொருத்தமான ஊர்தான். குடியரசுத் தலைவராக விளங்கிய டாக்டர் எஸ். ராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5-ஆம் நாள் பிறந்த ஊர் இது. அவர் பிறந்த நாளையே 1962 முதல் நாடு முழுவதும் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துடன் இணைந்த ஊரும் இதுவே. ஆகவே இங்கே தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும். தமிழில் 'பல்' என்பதைத் தெலுங்கில் 'பன்னு' என்பார்கள். எந்த மொழியில் சொன்னாலும் வலி ஒன்றுதான்!

கரும்பும் கிருமியும்

திருத்தணிப் பக்கத்து ஊர்களில் கரும்பு விளைகிறது. அருகிலுள்ள திருவாலங்காட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை நிறுவப்பட்டதற்கும் அதுவே காரணம். கரும்பிலிருந்து வரும் சர்க்கரைக்கு இரசாயனத்தில் சுக்ரோஸ் என்று பெயர். நமக்குப் பிடித்தது போலவே நம் வாயில் குடியிருக்கும் சில கிருமிகளுக்கும் இது மிகவும் பிடித்தமானது.

வாயில் கிருமிகளா என்று முகம் சுளிக்க வேண்டாம். 1683-ஆம் ஆண்டிலேயே ஹாலந்து நாட்டின் லீவன்ஹூக் தம் பல்லிடுக்கில் இருந்த வெள்ளை மாவு போன்ற பொருளைத் தாமே செய்த உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். அதில் நுண்ணுயிர்கள் துள்ளித் திரிவதைக் கண்டு வியந்து இலண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். அந்த வெள்ளை மாவைத்தான் இன்று பற்படலம் என்கிறோம்.

ஆனால் அக்கிருமிகள் பல்லை எப்படிக் கெடுக்கின்றன? இதை விளக்கியவர் பெர்லின் நகரில் பணியாற்றிய அமெரிக்கப் பல் மருத்துவர் டபிள்யூ. டி. மில்லர். கிருமிகள் மாவையும் சர்க்கரையையும் உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. அந்த அமிலமே பல்லைக் கரைக்கிறது என்று 1890-இல் அவர் எழுதினார். 1924-இல் ஜே. கிலியன் கிளார்க் என்பவர் சொத்தைப் பல்லிலிருந்து ஸ்டிரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற கிருமியைப் பிரித்தெடுத்தார். இது சுக்ரோஸிலிருந்து பசை போன்ற ஒரு பொருளைச் செய்து பல்லோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு அங்கிருந்தே அமிலத்தைச் சுரக்கும். வாடகை கொடுக்காமல் தங்கி, வீட்டையும் இடித்துப் போடுகிற குடித்தனக்காரன் இது!

பல்லின் மேலுறையான எனாமல் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் நூற்றுக்குச் சுமார் 96 பங்கு கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாது உப்புதான். ஆயினும் அமிலத்தின் முன் இது தாக்குப்பிடிப்பதில்லை. எலும்பு முறிந்தால் கூடிவிடும். தோல் கிழிந்தால் ஆறிவிடும். எனாமலைக் கட்டிய செல்களோ பல் முளைத்தவுடனேயே மறைந்துபோய் விடுகின்றன. ஆகவே எனாமலில் குழி விழுந்தால் மறுபடி வளராது. குழி எனாமலைத் தாண்டி, அடுத்த அடுக்கான டென்டைனைத் துளைத்து, நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள பற்கூழை எட்டும்போதுதான் இரவு முழுவதும் தூங்கவிடாத அந்த வலி வருகிறது. வலி என்பது நோயின் முதற்பாடம் அல்ல, கடைசிப் பாடம் என்பதை நினைவில் வையுங்கள்.

அரை மணி நேரப் போர்

ஒவ்வொரு முறை இனிப்புத் தின்னும்போதும் வாயில் ஒரு சிறு போர் நடக்கிறது. 1940-களில் ராபர்ட் ஸ்டீபன் என்ற அமெரிக்க ஆய்வாளர் பற்படலத்தின் அமிலத் தன்மையை நிமிடத்துக்கு நிமிடம் அளந்தார். சர்க்கரைக் கரைசலால் வாய் கொப்பளித்த சில நிமிடங்களிலேயே பி.எச். அளவு செங்குத்தாகச் சரிந்தது. அது சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். பிறகு உமிழ்நீர் மெல்ல மெல்ல அமிலத்தைத் தணித்து, அரை மணி முதல் ஒரு மணி நேரத்திற்குள் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. கரைந்துபோன கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் எனாமலுக்குத் திருப்பித் தருவதும் உமிழ்நீரே.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை தெரிகிறது. எவ்வளவு இனிப்புத் தின்றோம் என்பதைப் போலவே, எத்தனை தடவை தின்றோம் என்பதும் முக்கியம். சாப்பாட்டோடு சேர்த்து ஒரு கரண்டி பஞ்சாமிர்தம் உண்டால் ஒரே போர். ஒரு பொட்டலம் கமர்கட்டை மணிக்கு ஒன்றாக வாயில் அடக்கிக்கொண்டால் நாள் முழுவதும் போர். உமிழ்நீருக்கு ஓய்வே இல்லை.

இதைக் காட்டியது ஸ்வீடன் நாட்டில் 1945-இல் தொடங்கிய விபேஹோம் ஆய்வு. ஒட்டிக்கொள்ளும் மிட்டாய்களை இடைவேளைகளில் தின்றவர்களுக்குச் சொத்தை மிகவும் பெருகியது. சர்க்கரையை உணவோடு மட்டும் உண்டவர்களுக்கு அவ்வளவு பெருகவில்லை. ஆனால் இந்த ஆய்வைப் பெருமையோடு சொல்ல முடியாது. மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான மருத்துவமனையில், தம் சம்மதத்தைத் தெரிவிக்க இயலாதவர்களைக் கொண்டு அது நடத்தப்பட்டது. அவர்களுடைய பற்களைப் பலிகொடுத்து வந்த அறிவு அது. இன்று எந்த நாட்டிலும் அப்படியோர் ஆய்வுக்கு அனுமதி கிடைக்காது. அந்த அறிவை வீணாக்காமல் இருப்பதாவது நம் கடமை.

யாரும் கவனிக்காத பல்

உங்கள் வீட்டில் ஏழு வயதுத் தம்பியோ தங்கையோ இருந்தால் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். கீழ்த்தாடையில் நடுவிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே வாருங்கள். ஆறாவதாக ஒரு பெரிய கடைவாய்ப்பல் இருந்தால் அது பால்பல் அல்ல. நிலையான பல்!

பால்பற்கள் மொத்தம் 20. அவை விழுந்து புதுப்பல் முளைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆறு வயதில் முளைக்கும் முதல் நிலைக்கடைவாய்ப்பல் எந்தப் பல்லும் விழாமலே, எல்லாப் பால்பற்களுக்கும் பின்னால் ஓசையின்றி வந்து நிற்கிறது. பெற்றோர் அதையும் பால்பல் என்றே எண்ணிவிடுகிறார்கள். அதில் கறுப்புக் குழி விழுந்தாலும், 'விழுந்து முளைக்கிற பல்தானே' என்று விட்டுவிடுகிறார்கள். அது விழுந்தால் முளைக்காது. அறுபது வயதிலும் அரைத்துத் தர வேண்டிய பல், பத்து வயதிலேயே பிடுங்கப்படுகிறது.

இந்தப் பல்லின் மேற்பரப்பில் ஆழமான வரிப்பள்ளங்கள் உண்டு. தூரிகையின் நார்கூட அவற்றுள் நுழையாது. இப்பள்ளங்களைப் பிசின் போன்ற ஒரு பொருளால் பல் மருத்துவர் மூடிவிடலாம். வலியில்லை, ஊசியில்லை. ஆனால் சொத்தை விழுமுன் செய்ய வேண்டும்.

பால்பல் சொத்தையும் அலட்சியம் செய்யத் தக்கதல்ல. பின்னால் வரப்போகும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பது பால்பல். பேருந்து இருக்கையில் துண்டு போட்டு வைப்பது போல! துண்டு முன்னதாகவே போய்விட்டால் பக்கத்துப் பற்கள் நெருங்கி வந்துவிடும். புதுப்பல் கோணலாக முளைக்கும்.

எத்தனை பேருக்கு?

இந்தியப் பல் மருத்துவக் குழு 2002-03-இல் நாடு தழுவிய ஓர் ஆய்வை நடத்திற்று. அதன்படி 5 வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு 51.9 பேருக்கும், 12 வயதினரில் 53.8 பேருக்கும், 15 வயதினரில் 63.1 பேருக்கும் பற்சொத்தை இருந்தது. உலகத்தில் பால்பற்களில் சொத்தையுள்ள குழந்தைகள் சுமார் 51 கோடிப் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் கணக்கிட்டது.

பல்வலி உயிரைப் பறிப்பது அரிது. ஆனால் தூக்கத்தையும் பசியையும் பள்ளி நாட்களையும் பறிக்கிறது. வலிக்கும் பல்லோடு வகுப்பில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பித்தகோரஸ் தேற்றம் மண்டையில் ஏறாது.

பாடம் நடத்தினால் போதுமா?

'பள்ளியில் பல் பாதுகாப்பு பற்றிப் பாடம் நடத்துங்கள். எல்லாம் சரியாகிவிடும்' என்று நினைப்பது இயல்பு. 1998-இல் எலிசபெத் கே, டேவிட் லாக்கர் என்ற இரு ஆய்வாளர்கள், அதுவரை பல நாடுகளில் நடந்த வாய்நலக் கல்வி முயற்சிகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். முடிவு சிந்திக்க வைப்பது. பாடம் நடத்தினால் பிள்ளைகளின் அறிவு வளர்கிறது. அறிவு வளர்ந்ததனால் மட்டும் சொத்தை குறைந்துவிடுவதில்லை. குறைந்த இடங்களில் பெரும்பாலும் புளோரைடு பயன்பட்டிருந்தது.

யோசித்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. 'இரவில் பல் துலக்க வேண்டுமா?' என்று தேர்வில் கேட்டால் எல்லோரும் 'ஆம்' என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவோம். நேற்றிரவு எத்தனை பேர் துலக்கினோம்? நீந்துவது எப்படி என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால் யாரும் நீந்தக் கற்றுக்கொள்வதில்லை. தண்ணீரில் இறங்க வேண்டும்.

அப்படி இறங்கிப் பார்த்த நாடுகளும் உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டில் 2006-இல் எடுத்த கணக்கில் 6 வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு 97 பேருக்குச் சொத்தை இருந்தது. அத்தனை குழந்தைகளுக்கும் பல் அடைக்க மருத்துவருக்கு எங்கே போவது? ஆகவே அவ்வரசு பள்ளிகளிலேயே ஓர் ஏற்பாடு செய்தது. நாள்தோறும் வகுப்பு முழுவதும் சேர்ந்து சோப்புப் போட்டுக் கைகழுவும். சேர்ந்து புளோரைடு பற்பசையால் பல் துலக்கும். ஆண்டுக்கு இரு முறை குடற்புழு மாத்திரை. நடத்துவது மருத்துவர் அல்ல, வகுப்பாசிரியரே. ஸ்காட்லாந்திலும் சிறு குழந்தைகளின் பள்ளிகளில் 'சைல்டுஸ்மைல்' என்ற திட்டத்தின் கீழ் ஆசிரியர் பார்வையில் பல் துலக்குகிறார்கள். அங்கே குழந்தைகளின் சொத்தையும் அதற்கான சிகிச்சைச் செலவும் குறைந்தன.

புளோரைடு செய்வது என்ன? அமிலத்தால் கரைந்த எனாமல் மறுபடி இறுகும்போது அதனோடு சேர்ந்துகொண்டு, அமிலத்தை முன்னைவிட அதிகமாகத் தாங்கும் தாதுவாக்குகிறது. புளோரைடு பற்பசை பயன்படுத்தும் குழந்தைகளுக்குச் சொத்தை சராசரியாக நூற்றுக்கு 24 பங்கு குறைவு என்று 2003-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு காட்டியது. பெரியவர் ஒருவர் பக்கத்திலிருந்து கவனித்தபோது பயன் இன்னும் கூடியது.

நம் மாநிலத்தில்

நம் நாட்டில் 2013-இல் தேசியச் சிறார் நலத்திட்டம் தொடங்கப்பட்டது. பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளவர்களை மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் வந்து பரிசோதிக்கின்றன. அவர்கள் தேடும் குறைகளின் பட்டியலில் பற்கோளாறும் ஒன்று. 2023-இல் தமிழக அரசு 'புன்னகை' என்ற பெயரில் பள்ளிச் சிறார் பல் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கி, 6 முதல் 8 வரையுள்ள வகுப்பு மாணவர்களின் பற்களைப் பரிசோதிக்க வழி செய்தது.

பரிசோதனை என்பது ஆண்டில் ஒரு நாள். மீதி 364 நாட்கள்? அங்கேதான் ஆசிரியரும் மாணவரும் வருகிறார்கள். நம் மாநிலத்தில் ஒரு பெரிய வசதி முன்பே இருக்கிறது. மதிய உணவு முடிந்ததும் பிள்ளைகள் தட்டு கழுவக் குழாயடிக்கு வருகிறார்கள். அரசு தொடக்கப் பள்ளிகளில் 2022 முதல் காலை உணவும் உண்டு. உண்டபின் எல்லோரும் ஒரே இடத்தில் தண்ணீரோடு நிற்கும் அந்த ஐந்து நிமிடத்தைவிடப் பொருத்தமான வகுப்பறை வேறேது? ஆளுக்கொரு தூரிகை வேண்டும். ஒருவர் தூரிகையை மற்றவர் தொடக் கூடாது. பெயர் ஒட்டி, தலைப்பு மேலாக நிறுத்திக் காற்றில் உலர வைக்க வேண்டும். இதற்கு மேல் பெரிய செலவில்லை.

ஆலும் வேலும்

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்பது பழமொழி. முருகன் ஊர்க்காரர்களுக்கு வேல் என்றால் வேறு நினைவு வரும்! பழமொழி சொல்வது வேலமரத்தை. குச்சியை நன்றாக மென்று, நாராக்கி, எல்லாப் பற்களையும் பொறுமையாகத் தேய்த்தால் பற்படலம் நீங்கும். ஆனால் பற்பசையில் உள்ள அளவு புளோரைடு குச்சியில் கிடையாது. செங்கல் தூள், மணல், அடுப்புக்கரி இவற்றால் தேய்ப்பது எனாமலையே தேய்த்துவிடும். புகையிலை கலந்த பற்பொடி ஈறுக்கும் வாய்க்கும் நஞ்சு.

புளோரைடும் அளவோடுதான் இருக்க வேண்டும். குடிநீரில் அது மிகுந்தால் வளரும் பற்களில் பழுப்புக் கறை படியும், எலும்பும் பாதிக்கப்படும். 1937-இல் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில்தான் இந்தியாவில் முதன்முதலாக இந்நோய் விவரிக்கப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் இத்தொல்லை உண்டு. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. பற்பசையை விழுங்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி அளவு, மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் காட்டுவது போலத் தூரிகை நீளம் பிதுக்குவது வீண்.

நீங்களே செய்து பாருங்கள்

சோதனை 1: ஒரு முட்டையை ஒரு கிண்ணம் வினிகரில் போட்டு ஒரு நாள் வையுங்கள். குமிழிகள் எழும்பும், மறுநாள் ஓடு மெத்தென்று ஆகியிருக்கும். முட்டை வேண்டாதவர்கள் கிளிஞ்சலைப் பயன்படுத்தலாம். அது மெல்லக் கரையும். ஓட்டில் இருப்பது கால்சியம் கார்பனேட். எனாமல் வேறு கால்சியச் சேர்மம் என்றாலும் அமிலம் கால்சியத்தை அரித்தெடுக்கும் விதத்தை இது காட்டும்.

சோதனை 2: வழக்கம்போல் பல் துலக்கியபின் பீட்ரூட் சாற்றை அரை நிமிடம் வாயில் கொப்பளித்துத் துப்புங்கள். பிறகு ஒரு முறை தண்ணீரால் கொப்பளித்துவிட்டுக் கண்ணாடியில் பாருங்கள். சிவப்பு தங்கியுள்ள இடங்கள் பெரும்பாலும் தூரிகை எட்டாத இடங்கள். ஈறோரமும் கடைவாயின் உட்புறமும் தப்பாமல் சிவந்திருக்கும்!

கணக்கு: 1938-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஓர் எளிய அளவுகோலை வகுத்தார்கள். ஒருவரின் நிலையான பற்களில் சொத்தையானவை, சொத்தையால் இழந்தவை, அடைக்கப்பட்டவை ஆகிய மூன்றையும் கூட்ட வேண்டும். 40 மாணவர்களுக்கு மொத்தம் 60 என்று வந்தால் வகுப்பின் சராசரி 1.5. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் எண்களை மட்டும் கேட்டு வாங்கி, உங்கள் வகுப்பின் சராசரியைக் கணக்கிடுங்கள். யாருடைய பெயரும் வேண்டாம். ஆண்டுதோறும் குறித்து வந்தால் உங்கள் பள்ளி முன்னேறுகிறதா என்று தெரிந்துவிடும்.

இன்றிரவிலிருந்து

காலையில் ஒரு முறை, இரவு படுக்குமுன் ஒரு முறை, இரண்டிரண்டு நிமிடம் துலக்குங்கள். இரவுத் துலக்கலே முக்கியம். தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடுவதால் பற்களுக்குக் காவல் இல்லை. துலக்கியபின் நுரையைத் துப்புங்கள். குடம் குடமாய்க் கொப்பளித்துப் புளோரைடை முழுவதும் கழுவிவிட வேண்டாம். ஈறில் இரத்தம் கசிந்தால் அங்கே தேய்ப்பதை நிறுத்தாதீர்கள். பெரும்பாலும் அது அங்கே படலம் தங்கிவிட்டதற்கு அடையாளம். மென்மையாகத் தேய்த்தும் சில நாட்களில் நிற்காவிட்டால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். இடைவேளையில் இனிப்புத் தின்றால் உடனே தண்ணீர் குடித்துக் கொப்பளியுங்கள். எனாமலில் சுண்ணாம்பு போன்ற வெள்ளைப் புள்ளி தென்பட்டால் அது சொத்தையின் தொடக்கமாக இருக்கலாம். குழி விழாத அந்தக் கட்டத்தில் அதைத் திருப்பிவிட முடியும். குழி விழுந்துவிட்டால் முடியாது.

உயர்நிலைப் பள்ளி மாணவர்களாகிய உங்களுக்கு நிலைப்பற்கள் பெரும்பாலும் வந்துவிட்டன. உங்களைவிட உங்கள் வீட்டு ஏழு வயதுக்காரருக்கே இப்போது ஆபத்து அதிகம். அந்த ஆறாவது பல்லைப் பற்றி அம்மாவிடமும் அப்பாவிடமும் இன்றே சொல்லுங்கள். இரவில் உங்களோடு குழாயடிக்குத் தம்பியையோ தங்கையையோ அழைத்துப் போங்கள். ஆசிரியர் தினத்தைத் தந்த ஊரைப் பற்றிப் படித்தீர்கள் அல்லவா? அந்த இரண்டு நிமிடம் நீங்களும் ஓர் ஆசிரியர்தான்.

படி 365 என்று எண்ணி மலைத்து நிற்பவர் மேலே போவதில்லை. இன்றைய படியை இன்று ஏறினால் போதும்.